மடத்துக்குத் திரும்பிய கற்களும் சபாபதியரின் குசினிச் சுவரும்

இங்கிலாந்தின் வடக்கே, மனிசரைவிடச் செம்மறியாடுகள் கூடவும், இரண்டையும்விட மழை கூடவும் இருக்கிற ஸ்கெல்பெக் என்ற ஊரிலே, ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம், வழக்கமான மழைக்குள்ளே, கிளைவ் ஆட்கின்ஸன் என்ற கமக்காரரின் பன்றிக்கொட்டில் சுவரிலிருந்து ஒரு கல் இறங்கி, சேற்றைத் தாண்டி, வேலி இடுக்கால் புகுந்து, ஆடுகள் ஒதுங்கி வழிவிட, ஊர் எல்லையில் இடிந்து கிடக்கிற பழைய மடத்துக்குப் போய், மேற்குச் சுவரில் தான் ஒருகாலத்தில் இருந்த இடத்தில் ஏறிக் குந்திக்கொண்டது. கிளைவ் அதைக் கண்ணால் கண்டார். கண்டுவிட்டு, அந்த ஊர் மனிசர் எவரும் செய்யக்கூடியதைத்தான் செய்தார்: ஓட்டைக்குள் ஒரு தீவனச் சாக்கைத் திணித்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தார், ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

மடத்தின் கதையை இந்த இடத்தில் ஒருக்கால் சொல்லிப்போட வேண்டும், இல்லாவிட்டால் நடனசபாபதி கோவிப்பார். ஊரில் ஒரேயொரு கடையும் அதோடு ஒட்டிய தபால் கவுண்டரும் வைத்திருக்கிற சபாபதியர்தான் ஞாயிறுதோறும் மழையங்கி போட்டுக்கொண்டு, பார்க்க வருகிற சனத்துக்கு அந்த மடத்தைச் சுற்றிக் காட்டுகிறவர். ஊர்ச் சனத்துக்கு அவர் 'மிஸ்டர் சபா'. தமிழ்ச் சனம் யாராவது வழிதவறி வந்தால், கதை நீளும், பிள்ளைகள் பசியில் அழும், அவர் விடமாட்டார்.

வெள்ளை அங்கி போட்ட கிறிஸ்தவத் துறவிகள் ஒரு குளிர்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள், அங்கே முள்ளும் ஓநாயும்தான் இருந்தன, முதல் வருசம் இலையை அவித்துக் குடித்தார்கள், பிறகு ஆடு வளர்த்தார்கள், ஆடு கம்பளியானது, கம்பளி கல்லானது, கல் தூணானது, தூண் கோபுரமானது, இறைச்சி தின்னக்கூடாது என்பதால் மீனுக்குக் குளம் வெட்டினார்கள், வாய் திறக்கக்கூடாது என்பதால் உப்பு வேண்டுமென்றாலும் கையால் கேட்டார்கள், வாய் திறந்ததெல்லாம் பாடுவதற்கு மட்டும்தான். இப்படியே நானூறு வருசம் போனது. பிறகு கலியாண விசயத்தில் பொறுமையில்லாத ஒரு ராசா பாப்பரசரோடு கோவித்துக்கொண்டு எல்லா மடங்களையும் பூட்டச் சொன்னான், அவனுடைய ஆட்கள் வந்து கூரையின் ஈயத்தை உரித்து, துறவிகள் இருந்து பாடிய மர ஆசனங்களையே விறகாக்கி அந்த ஈயத்தை உருக்கிக்கொண்டு போனார்கள். மிஞ்சினது கல். ஊர்ச் சனம் மரியாதைக்கு ஒரு மாரிகாலம் பொறுத்திருந்தது. பிறகு ஒருத்தன் பன்றிக்கொட்டிலுக்கு ஒரு கல் எடுத்தான், மற்றவன் அடுப்புக்கு எடுத்தான், அதற்குப் பிறகு வீடும் பாலமும் கிணறும் பட்டியும் எல்லாம் மடத்துக் கல்தான். பின்னாளில் வந்த ஒரு பிரபு மிச்ச இடிபாட்டைச் சுற்றித் தோட்டம் போட்டு, மீன்குளத்தை ஏரியாக்கி, அதைப் பார்த்துக் கவலைப்பட, குந்தியிருக்க ஒரு மர வாங்கும் போட்டுவைத்தான். சபாபதியர் தன் கதையை அந்த வாங்கில் இருந்துதான் முடிப்பார், முழங்காலும் அதோடு முடிந்துவிடும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இலையுதிர் காலத்தில், அறுவடைப் பூசை கழிந்த ஞாயிறு மத்தியானம், மடத்து வரலாற்றுச் சங்கம் 'மன்னிப்பு விருந்து' வைக்கும். மடத்துக் கல் உள்ள வீட்டார் மட்டும்தான் அதில் இருக்கலாம். ஒவ்வொரு வீட்டாரும் எழும்பி, தங்கள் கல் எந்தச் சுவரில் இருக்கிறது என்று சொல்லி, மடம் இருக்கிற திசையைப் பார்த்து, "தெரிந்துதான் எடுத்தோம், திருப்பித் தரும் எண்ணமில்லை, மன்னிக்கவும்" என்பார்கள். எல்லாரும் கிளாசைத் தூக்குவார்கள். பிறகு இறைச்சிப் பை, அதாவது இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பணியாரம். இதுதான் சடங்கு, இதற்கு மேல் ஒன்றுமில்லை.

சபாபதியர் கடையை வாங்கினபோது விற்ற மனிசன் போகிற போக்கில் சுவரைத் தட்டி, "மடத்துக் கல்தான், வேறென்ன" என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கட ஆக்களுக்குப் பழைய கல்லைக் கண்டால் சும்மா இருக்க ஏலாது, ஒன்றில் பொட்டு வைப்போம், இல்லாவிட்டால் எங்கட பரம்பரைச் சொத்து என்போம். சபாபதியர் இரண்டாவதைச் செய்தார். பால் வாங்க வந்தவனுக்கும் முத்திரை வாங்க வந்தவளுக்கும் கடைக்குப் பின்னால் சமைக்கிற குசினிச் சுவரைக் காட்டினார். அந்த வருசமே விருந்துக்கு அழைப்பு வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, 'நான் ஒரு பிழையும் செய்யவில்லை, ஐயா' என்று சத்தியம் பண்ணியே தொண்டை வறண்ட மனிசன் அவர். ஒரு மேசையில் ஊரோடு சேர்ந்திருந்து 'நாங்கள் களவெடுத்தோம்' என்று சொல்லக் கிடைத்தபோது அவருக்குச் சொர்க்கம் திறந்ததுபோல் இருந்தது. நாக்குத் தழுதழுக்க, நெஞ்சில் கைவைத்து, மற்றவர்கள் ஒரு வரியில் முடிப்பதை அவர் ஒரு பிரசங்கமாகவே செய்தார். பை ஆறிப்போனது. ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

அப்படிப்பட்ட ஊரில்தான் கற்கள் வெளிக்கிட்டன. மழை பெய்தது, கற்கள் போயின, மழை விட்டது, கற்கள் நின்ற இடத்தில் நின்றன, திரும்ப மழை பெய்தது, திரும்பப் போயின. முதலில் ஊர் இதைக் காணாததுபோல் இருந்தது. யாராவது வீட்டுக் கல் தெருவைக் கடக்கிறபோது மரியாதைக்கு மற்றப் பக்கம் பார்த்தார்கள், கார்கள் நின்று வழிவிட்டன, கிராம சபை கூடி 'கற்கள் கடக்குமிடம்' என்று பலகை எழுதி நட்டது, அந்தப் பலகையின் அடிக்கல்லும் அடுத்த மழைக்குப் போய்விட்டது. பிறகு வானிலையைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டு எல்லாரும் கல்லைப் பற்றிக் கதைத்தார்கள். "உங்கள் புகைபோக்கி எப்படி?" "நேற்றுப் போனது, நன்றி. உங்கள் படிக்கட்டு?" யாருடைய கல் முதலில் போனதோ அவர்களுடைய குடும்பம்தான் ஊரில் பழையது என்று ஒரு பேச்சு வேறு கிளம்பியது. சங்கத் தலைவி மிஸஸ் ஹார்கிரீவ்ஸின் வீட்டு முகப்பு முழுவதும் ஒரே மழையில் கழன்று போனது. கிழவி குளிர்காற்று முகத்தில் அடிக்க, திறந்த வீட்டுக்குள் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு இருந்து, போகிற வருகிற ஆட்களுக்குத் தலையசைத்தாள். ஊர் அவளைப் பார்த்துப் பொறாமையில் வாயூறியது.

சபாபதியர் வீட்டில் ஒரு கல்லும் அசையவில்லை.

மழை பெய்யத் தொடங்கினால் கடையை அப்படியே விட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடுவார். சுவருக்கு எதிரே கதிரையைப் போட்டு இருப்பார். தடவிப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், ஒருமுறை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, "போவன், அங்க உன்னைப் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்று கெஞ்சியும் பார்த்தார். மழை விடும். சுவர் சுவராகவே நிற்கும்.

மனைவி தவமலர் அடுப்படியில் நின்று பார்த்துச் சிரித்தாள். "இஞ்சேருங்கோ, ஊரெல்லாம் குளிருக்க விறைக்குது. எங்கட வீட்டில மட்டும் ஒரு ஓட்டை இல்லை. இதுக்குப்போய் ஒரு மனிசன் அழுவானே?"

"உமக்கு விளங்காது, தவம். நாளைக்குச் சனம் கேட்டா என்னத்தைச் சொல்லுறது?"

"சுவர் நல்ல சுவர் எண்டு சொல்லுங்கோ."

சனம் கேட்டது. முத்திரை வாங்க வந்த ஊர்த் தேவாலயத்துப் பாதிரியம்மா, மிகவும் பதமாக, "உங்கள் பக்கம் எப்படி, மிஸ்டர் சபா?" என்றாள். சபாபதியரின் வாய் அவரைக் கேட்காமலேயே, "குசினியில் இரண்டு போய்விட்டது" என்றது. அவள் அவருடைய கையைப் பிடித்து வாழ்த்தினாள். அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி என்ன, போகாத கல்லைப் போகவைக்க வேண்டியதுதான். ஞாயிறுதோறும் வரலாறு சொல்லுகிற மனிசன் வரலாற்றுக்கு ஒரு சின்ன உதவி செய்வதில் என்ன பிழை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தவமலர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, இரும்பு அலவாங்கால் குசினிச் சுவரில் ஒரு கல்லைக் கிண்டி எடுத்தார். சுவர் இலேசில் விடவில்லை. எடுத்த கல்லை ஒற்றைச்சில்லு வண்டியில் ஏற்றி, மழைக்காகக் காத்திருந்து, மழை வந்ததும் தள்ளிக்கொண்டு போனார். தெருவெல்லாம் ஊர்க் கற்கள் தங்கள்பாட்டில் போய்க்கொண்டிருந்தன, நடுவில் இவர் தன் கல்லுக்குக் குடைபிடித்தபடி. எதிரே வந்த மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் சட்டென்று ஒரு வேலியை மிகவும் ஆர்வமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

மடத்துக்குள் துறவிகளின் நடைகூடம் அரைவாசி எழும்பிவிட்டிருந்தது. சுவரில் ஒரு வெற்றிடம் பார்த்துக் கல்லைச் செருகினார். கல் விழாமல் இருந்தது. கண்ணை ஒற்றிக்கொண்டு, துறவிகளுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஓட்டையைக் கண்ட தவமலர் பசுமதி அரிசிச் சாக்கை நாலாய் மடித்து அதற்குள் அடைத்தாள். அன்று இரவு அவருக்கு வைத்த சோற்றில் அவள் குழம்பு விடவில்லை, அதிலிருந்து அவருக்கு எல்லாம் விளங்கியது.

அடுத்த மழை சனிக்கிழமைச் சந்தை நேரத்தில் பிடித்தது. ஊர்ச் சனம் முழுக்கச் சந்தைக் கூடாரங்களுக்குக் கீழே ஒதுங்கி நிற்கிறது. கற்கள் வரிசையாக, ஆறுதலாக, மடத்தை நோக்கிப் போகின்றன. அவற்றுக்கு நடுவே, எதிர்த் திசையில், மன்னிப்புக் கேட்டு ஒதுங்கி ஒதுங்கி, ஒரேயொரு கல் ஊருக்குள் வருகிறது. எல்லாரும் பார்த்தார்கள். மற்றப் பக்கம் பார்க்கிற பழக்கம் உள்ள சனம்கூட அன்றைக்கு மறந்துபோய்ப் பார்த்தது. கல் தேவாலய மூலையால் திரும்பி, சபாபதியரின் கடைவாசலுக்கு வந்து, படியோடு நின்றுவிட்டது. மடத்துக்கும் அதற்கும் ஒரு சொந்தமும் இல்லை என்பதை இதைவிடப் பச்சையாக யாராலும் சொல்ல ஏலாது. சபாபதியர் கடைக்குள் பிஸ்கட் அடுக்குகளுக்குப் பின்னால் குந்தியிருந்தார், அரை நாள் வெளியே வரவில்லை. வந்த ஆட்களுக்குத் தவமலர்தான் பால் விற்றாள்.

இந்த நேரத்தில்தான் மன்னிப்பு விருந்து வந்தது. வருகிற வருத்தம் தனியாகவா வரும்! சங்க மண்டபம் அத்திவாரம் வரைக்கும் மடத்துக்குப் போய்விட்டது. தேவாலயத்தில் கோபுரம் இல்லை. மதுச்சாலைக்குக் கூரை மட்டும் நாலு மரத்தூணில் நிற்கிறது. ஊரில் நாலு சுவரும் நிற்கிற ஒரேயொரு இடம் சபாபதியரின் கடை. மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் நேரில் வந்து கேட்டாள். அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தன்னைத் தள்ளிவைக்கப்போகிற கூட்டத்துக்குத் தானே கதிரை அடுக்கினார், தவமலர் பையோடு பக்கத்தில் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தாள்.

"எழும்பி நிண்டு என்னத்தைச் சொல்லப்போறியள்?" என்று கேட்டாள்.

"தெரியேல்லை, தவம். இனி அந்த மேசையில எனக்கு இடமில்லை. இருவத்தைஞ்சு வருசமா இந்த ஊரில எனக்கெண்டு இருந்தது அந்த ஒரு கதிரைதான்." தவமலர் பகிடி விடவில்லை. அவருடைய சட்டைக் கொலரைச் சரிபண்ணிவிட்டாள்.

மத்தியானம் சனம் வந்து நிறைந்தது. வந்த உடனே எல்லாரும் சுவரோரம் போய், முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, 'ஆகா, சுவர்!' என்கிற மாதிரிக் கண்ணை மூடினார்கள். மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் எழும்பினாள். தன் வீட்டில் இப்போது கல் எதுவும் இல்லை என்றாள், திரும்பக் கதிரையில் இருந்தாள். கிளைவ் எழும்பினார், பன்றிக்கொட்டிலில் ஒன்றும் மிச்சமில்லை என்றார், இருந்தார். பாதிரியம்மாவும் அப்படியே. எடுத்தது ஒன்றும் இல்லை, ஆகவே மன்னிப்பும் இல்லை, ஆகவே கிளாசைத் தூக்கவும் இல்லை. தலைவி கைப்பையைத் திறந்து, நூற்றாண்டுகளாய் நடந்த சங்கத்தை இன்றோடு கலைத்துவிடுவது என்று ஒரு பிரேரணை இருப்பதாகச் சொன்னாள். அந்த ராசாவுக்குக்கூட மடத்தைக் கலைக்க ஆள் அனுப்ப வேண்டியிருந்தது, இவர்கள் தாங்களே செய்யப்போகிறார்கள்.

சபாபதியர் எழும்பினார். எழும்புவதாக அவர் நினைத்திருக்கவில்லை, கால்கள் எழும்பிவிட்டன.

"என்னிடம் மன்னிப்பு இருக்கிறது," என்றார். "குசினியில் இரண்டு கல் போனதாகச் சொன்னது பொய். அலவாங்கால் கிண்டினேன். குடைபிடித்துக் கொண்டுபோய்ச் சுவரில் செருகினேன். துறவிகளை ஏமாற்றினேன், உங்களையும் ஏமாற்றினேன். என் வீட்டில் மடத்துக் கல் ஒருநாளும் இருந்ததில்லை." பிறகு மடம் இருக்கிற திசையைப் பார்த்தார். "தெரிந்துதான் செய்தேன். மன்னிக்கவும்." உட்கார்ந்தார்.

பிறகு மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் தொண்டையைச் செருமினாள். "எங்களுக்குத் தெரியும், மிஸ்டர் சபா. இந்தக் கடை ரயில் வந்த காலத்தில், பின்னாலிருக்கிற மலையில் உடைத்த கல்லால் கட்டியது. என் தாத்தாதான் கட்டினார்."

"தெரிந்துமா இத்தனை வருசம் என்னைக் கூப்பிட்டீர்கள்?"

"நீங்கள் அவ்வளவு நன்றாக மன்னிப்புக் கேட்டீர்கள்," என்றாள் அவள். "எங்களில் ஒருத்தருக்கும் அது வராது."

மூலையில் கிளைவ் ஆட்கின்ஸன் எழும்பி நின்றார். முகம் பீற்றூட் நிறம். "நானும் ஒன்று சொல்லவேண்டும்," என்றார். "பன்றிகளுக்குக் குளிர். செவ்வாய்க்கிழமை வெயிலடித்தபோது போய் என் கல்லைத் திரும்ப எடுத்துவந்தேன். மழைக்கு அது போய்விட்டது. வியாழன் திரும்ப எடுத்தேன்." அவர் இருக்குமுன் பாதிரியம்மா எழும்பினாள்: பீடத்துப் படிக்கல், இரண்டு தரம். பிறகு மதுச்சாலைக்காரர். பிறகு, கண்ணை மேசையில் வைத்தபடி, தலைவி மிஸஸ் ஹார்கிரீவ்ஸ்: முகப்பின் வளைவுக்கல், பேரனின் டிராக்டரில். ஒவ்வொருத்தரும் மற்றவர் மட்டும் யோக்கியம் என்று நினைத்து வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெயிலுக்கு எடுப்பதும் மழைக்கு விடுவதுமாக முழு ஊரும் களவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, முன்னோர் ஒருக்கால் எடுத்ததை இவர்கள் கிழமைக்கு இரண்டு தரம். "மன்னிக்கவும்! மன்னிக்கவும்!" என்று கடை அதிர்ந்தது. கிளாசுகள் எழும்பின, பை தீர்ந்தது, கத்தரிக்காய்ப் பொரியல் அதற்கு முன்னமே தீர்ந்தது, பிரேரணையைத் தலைவி கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள்.

போகும்போது கிளைவ் வாசலில் நின்று தொப்பியைச் சுழற்றினார். "நாளைக்கு வெயில் என்கிறார்கள்," என்றார். "உங்கள் வண்டியைக் கொண்டுவாருங்கள். வடக்குச் சுவரில் நல்ல கல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்."

"எனக்கா?"

"உங்களுக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லைதானே."

மறுநாள் பட்டப்பகலில், மடத்தின் வடக்குச் சுவரில், சங்கத் தலைவி காவலுக்கு நிற்க, பாதிரியம்மா ஏணி பிடிக்க, சபாபதியர் தன் வாழ்க்கையில் முதல் களவைச் செய்தார். கனமான கல், ஒரு பக்கம் பாசி, மற்றப் பக்கம் உளிக்காரனின் அடையாளம். திரும்பிவந்த பழைய கல்லை வாசற்படியோடேயே விட்டு, குசினி ஓட்டைக்குள் இருந்த அரிசிச் சாக்கை எடுத்துவிட்டு மடத்துக் கல்லை வைத்தார். சரியாகப் பொருந்தவில்லை, தவமலர் இடைவெளிக்குத் துணி அடைத்தாள். பிறகு அவர் கதிரையைப் போட்டுக்கொண்டு மழைக்குக் காத்திருந்தார்.

அந்த ஊரின் வரலாற்றிலேயே இல்லாத வெயில் அடித்தது. சனம் தோட்டத்தில் கதிரை போட்டு வெயில் காய்ந்தது, ஐஸ்கிரீம் முடிந்தது, பன்றிகள் கொட்டிலுக்குள் சுகமாய்ப் படுத்தன. சபாபதியர் மட்டும் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டார். வந்த ஆட்கள் 'என்ன அருமையான நாள்' என்றபோது, முகத்தைத் திருப்பி முத்திரை கிழித்துக் கொடுத்தார்.

கடைசியில் ஒரு பின்னேரம் கூரையில் சளசளவென்று கேட்டது. சபாபதியர் குசினிக்குள் ஓடினார். கல் இருந்த இடத்தில் இருந்தது. மழை வலுத்தது. கல் அசையவில்லை. அவருக்குக் கண் கலங்கியது, இதுவும் என்னை நம்பவில்லை என்று நினைத்தார், எழும்பக் கதிரையில் கை ஊன்றினார். அப்போது இடைவெளியில் அடைத்த துணி மெதுவாகக் கீழே விழுந்தது. கல் ஒருமுறை புரண்டு, சுவரிலிருந்து இறங்கி, மேசைக் காலைச் சுற்றி, அவருடைய செருப்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கடைக்குள்ளால் வெளியே போனது.

"தவம்! ஓடிவாரும் தவம்! போகுது! எங்கட கல்லும் போகுதப்பா!"

"கதவைச் சாத்துங்கோ, மனிசனே, காத்து வருது!" என்று கத்திக்கொண்டே தவமலரும் கை ஈரத்தோடு ஓடிவந்தாள்.

இரண்டு பேரும் நனைந்துகொண்டு தெருவில் நின்றார்கள். கல் மற்றக் கற்களோடு வரிசையில் சேர்ந்துகொண்டது, ஒரு கார் நின்று வழிவிட்டது. தெருவுக்கு அந்தப் பக்கம் குடைக்குக் கீழே மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் நின்றாள். அன்றைக்கு அவள் வேலி எதையும் பார்க்கவில்லை.

"அது உங்களுடையதா, மிஸ்டர் சபா?" என்று உரக்கக் கேட்டாள்.

"ஓம்," என்றார் சபாபதியர், தமிழில்தான் வந்தது. பிறகு அவளுக்கு விளங்கும் பாஷையில் இன்னும் உரக்கச் சொன்னார், தெரு முழுக்கக் கேட்க: "எங்களுடையதுதான்!"